வெர்னா கோடில் குறித்துக்கொண்ட ஒன்பதாவது நாள்

வெர்னா கோடில் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் வருகைப்பதிவு மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார். அந்த இருபத்தாறு வருடத்தில் அலுவலகப் பேனா ஒன்றைக்கூட அவர் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. இதைப் பாராட்டாகச் சொல்ல வந்தேனா, குற்றமாகச் சொல்ல வந்தேனா என்று எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

அவருக்கு எதிர் மேசையில் பதினோரு வருடம் இருந்தவன் நான். பாடப்புத்தகங்களும் பிள்ளைகளின் அலமாரிப் பூட்டுகளும் என் பொறுப்பு. வேலை குறைவு, பார்ப்பதற்கு நேரம் அதிகம்.

கரடி ஓடை என்ற பள்ளத்தாக்கில் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் வெர்னா. பள்ளியில் தட்டச்சில் முதலாவதாக வந்தார். நிலக்கரி லாரி ஓட்டிய கார்லைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறந்த வீடும் கோடில், புகுந்த வீடும் கோடில். ஒன்பது வருடத்தில் லாரி ஒரு வளைவில் உருண்டு கார்ல் போய்விட்டார். பிள்ளை இல்லை. அதன்பிறகு பள்ளிக்கூடம்தான். காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிடுவார். மேசை மூலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய் இருக்கும். அவருக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் பழைய குளிர்கோட்டுகள் தொங்கும். டிசம்பரில் வெறும் சட்டையோடு வரும் பிள்ளையை ஒன்றும் கேட்காமல் கூப்பிட்டு, அளவு பார்த்து, ஒன்றை மாட்டி அனுப்புவார். மார்ச்சில் கோட்டுகள் திரும்பி வந்ததும் தன் வீட்டு இயந்திரத்திலேயே துவைத்து மறுபடி தொங்கவிடுவார். கோட்டுகளைப் பற்றி நான் சொல்வது முழு மனதோடு சொல்லும் நல்ல வார்த்தை. இனி வருபவற்றுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அந்த மேசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பதினெட்டு நிரம்பாத பிள்ளை ஒரு பருவத்தில் ஒன்பது நாள் ஏற்கத்தக்க காரணம் இல்லாமல் வராவிட்டால், எங்கள் மாநிலச் சட்டப்படி அது படிப்பை விட்டுவிட்டதாகப் பொருள். பள்ளி அந்தப் பெயரைத் தலைநகருக்கு அனுப்பும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். ஓட்டுநர் உரிமம் அதோடு போய்விடும். வண்டி ஓட்டும் ஆசையைக் காட்டிப் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று நடைபாதையும் பேருந்தும் உள்ள ஊரில் வளர்ந்த யாரோ யோசித்திருக்க வேண்டும். எங்கள் பள்ளத்தாக்குகளில் பால் வாங்கவே பதினைந்து மைல் போக வேண்டும். இங்கே வண்டி ஆசைப் பொருள் அல்ல, கால்.

சட்டம் வந்த முதல் வருடத்திலேயே ஊர் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டது. சாலை பிரியும் இடத்தில், பழைய மரச்சாமான் கடையில், ஒரு கிளினிக் நடந்தது. பெரியவர்களுக்கு அங்கே முதுகுவலி மாத்திரை, பழகினால் விடமுடியாத போதை வகை. பிள்ளைகளுக்கு, ‘இன்று மருத்துவரைப் பார்த்தார்’ என்று அச்சடித்த சீட்டு. முன்மேசைப் பெண் தலை நிமிராமல் கிழித்துத் தருவாள். நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய மறுநாள் வகுப்பில் பாதி காலி. அதற்கு மறுநாள், நகக்கண்ணில் மான் ரத்தம் காயாத பையன்கள் வரிசையாக வந்து வயிற்றுப்போக்குச் சீட்டு நீட்டுவார்கள். வெர்னா வாங்கி, தேதி பார்த்து, கணினியில் ‘ஏற்பு’ என்ற கட்டத்தை அழுத்துவார். முகத்தில் ஒரு கோடும் அசையாது. கால்பந்து ஆடுகிறவர்களுக்குச் சீட்டும் வேண்டாம். பயிற்சியாளர் ஒரு பட்டியல் தருவார், அதுவே போதும்.

ஆக, பொய் சொல்லத் தெரிந்தவன் யாரும் உரிமத்தை இழக்கவில்லை. இழந்தவர்கள் இரண்டு வகை: சீட்டு வாங்க வழி இல்லாதவர்கள், வாங்க மனமில்லாதவர்கள். இரண்டாவது வகையில் நான் பார்த்தது ஒருத்தியைத்தான்.

அவள் பெயர் கெண்ட்ரா ஸ்லோன். வயது பதினேழு. எலும்பும் தோலுமாக நெட்டையாக இருப்பாள், அப்பாவின் வேலைச் சட்டையைக் கையை மடித்துப் போட்டுக்கொள்வாள். அப்பா ரோட்னி சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்டு, அந்தக் கிளினிக்கின் மாத்திரையில் தொடங்கி, அதிலேயே முடிந்தவர். எங்கள் கல்லறைகள் எல்லாம் மலைமுகட்டில் இருக்கின்றன. ஊருக்குள் வரும் அமரர் ஊர்தி மலையடிவாரத்தோடு நின்றுவிடும். அதன்பிறகு வெட்டிய மரம் இறக்கப் போட்ட பழைய பாதையில் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டிதான் சவப்பெட்டியை ஏற்ற வேண்டும். ரோட்னியை ஏற்றியது அவருடைய பிக்கப்பே. அதன் கிளட்ச் அவருக்கு அடுத்தபடி பழகியிருந்தது மகள் ஒருத்திக்கு மட்டும். பதினைந்து வயதில் அவள்தான் ஓட்டினாள். மழை பெய்து சேறான பாதையில் பெட்டி ஒரு விரல் நகராமல் மேலே போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து சுற்றியிருந்த மூன்று ஓடைப் பள்ளத்தாக்குக்காரர்களும் சாவு விழுந்தால் போதகரைக் கூப்பிட்ட கையோடு கெண்ட்ராவைக் கூப்பிட்டார்கள்.

அவளுடைய கடைசிப் பள்ளி வருடத்தில் சாவு அதிகம், பாதிப்பேருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சனி ஞாயிறு அடக்கம் என்றால் ஊர்திக்காரர் கூடுதலாகக் கேட்பார் என்பதால் எல்லா அடக்கமும் வாரநாளில்தான்.

கெண்ட்ரா வராத நாளுக்கு மறுநாள் ஒரு குறிப்பு கொண்டு வருவாள். கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சில் எழுத்து: ‘செவ்வாய் வரவில்லை. லோனி மாமாவைக் கொண்டுபோய் மேலே விட்டேன். கெண்ட்ரா ஸ்லோன்.’

“லோனி உனக்கு என்ன உறவு கண்ணு?” என்று வெர்னா கேட்டார்.

“உறவெல்லாம் இல்ல மிஸ். எங்கப்பா கூட வேலை செஞ்சவரு.”

“மாமான்னு எழுதியிருக்க.”

“கூப்பிடறது அப்படித்தான்.”

“அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க, தாத்தா, பாட்டி. இவங்க செத்தா மட்டுந்தான் நான் ஏற்பு போட முடியும்.”

“தெரியும் மிஸ். நான் ஏற்பு கேக்கலியே. ஏன் வரலன்னு கேப்பீங்க, அதான் எழுதிக் குடுத்தேன்.”

வெர்னா ‘ஏற்பில்லை’யை அழுத்தினார். பிறகு கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். கெண்ட்ரா ஒரு மிட்டாயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

நவம்பர் கடைசியில் அவளுக்கு எட்டு நாள் ஆகியிருந்தது. அதில் ஆறு அடக்கம், இரண்டு நாள் வண்டி பழுது. இன்னொரு நாள் போனால் உரிமம் போகும். உரிமம் போனால் அவள் பள்ளிக்கு வரவே முடியாது. ஓடைப் பாலம் வெள்ளத்தில் அடித்துப்போனதிலிருந்து பள்ளிப் பேருந்து பள்ளத்தாக்கின் வாயோடு திரும்பிவிடுகிறது. அங்கிருந்து அவள் வீட்டுக்கு மூன்று மைல். அம்மா நாற்பது மைலுக்கு அப்பால் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு, கெண்ட்ரா கிளம்பிய பிறகுதான் வீடு வந்து சேருவாள். ஜூனில் பள்ளி முடித்துவிட்டுக் கனரக வண்டிகள் பழுதுபார்க்கும் தொழிற்பள்ளியில் சேருவதாக இருந்தாள் கெண்ட்ரா. சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. பள்ளி முடித்த சான்று ஒன்றுதான் பாக்கி.

நான் அவளை அலமாரிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

“கிளினிக்ல போயி ரெண்டு சீட்டு வாங்கிட்டு வந்துடும்மா. ஊரே வாங்குது.”

“எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே சார்.”

“அது அந்த டாக்டருக்கும் தெரியும். அவன் கேக்க மாட்டான்.”

“எங்கப்பாவுக்கு அவரு எழுதின கடைசிச் சீட்டு இன்னும் எங்க வண்டியிலதான் கெடக்குது சார். அந்தக் கையெழுத்து ஒண்ணு போதும் எனக்கு.”

என் அறிவுரை எவ்வளவு அழுக்கு என்று அவள் சொல்லும்வரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் உறைத்தது.

டிசம்பர் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை, வெர்னாவின் அம்மா ஓமா இறந்துபோனார். எண்பத்து நாலு வயது, தூக்கத்தில். எங்களுக்கு அது கிட்டத்தட்ட அதிசயமான சாவு. வெர்னாவின் தம்பி டென்சில் என்னோடு படித்தவன். குழி தோண்ட என்னையும் கூப்பிட்டான். திங்கட்கிழமை மாலை, உடலைப் பார்வைக்கு வைக்கும் சவ மண்டபத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவனும் வெர்னாவும் பேசிக்கொண்டதை நான் நின்று கேட்டேன்.

“அக்கா, பிக்கப்புக்கு ஸ்லோன் பொண்ணக் கூப்பிட்டுட்டேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு அடிவாரத்துல நிப்பா.”

வெர்னா அம்மாவின் கையைப் பார்த்தபடி சொன்னார்.

“அவளுக்கு எட்டு ஆயிடுச்சு டென்சில்.”

“எட்டு என்ன?”

“எட்டு நாள்.”

“அதுக்கு? அம்மாவ கீழயே வெச்சுக்கலாங்கறியா? நேத்து பேஞ்ச மழையில வேற எவன் வண்டி ஏறும்? போன தடவ நான் ஓட்டிப் பாத்து கிளட்ச்ச எரிச்சதுதான் மிச்சம்.”

வெர்னா வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே அவருக்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை கெண்ட்ரா பத்தரைக்கே வந்து நின்றாள். வண்டியின் பின்தளத்தைக் கழுவி, பழைய கம்பளம் விரித்திருந்தாள். பெட்டியை ஏற்றி, நான்கு பேர் மூலைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டோம். நான் முன்பக்கம் இடது மூலை. எங்கள் வழக்கப்படி மிக நெருங்கிய சொந்தம் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வேண்டும். கறுப்புக் கோட்டோடு வெர்னா ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டிக்குப் பின் கண்ணாடி கிடையாது. பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள், அதுவும் பாதி கிழிந்திருந்தது. உள்ளே பேசியதெல்லாம் என் காதருகில் கேட்டது.

முதல் வளைவு தாண்டியதும் வெர்னா கேட்டார்.

“இன்னைக்கு உனக்கு என்ன பரீட்சை?”

“கணக்கு மிஸ்.”

“டென்சில ஓட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு.”

“டென்சில் மாமா ஓட்டினா பாட்டி நம்மளுக்கு முன்னாடி கீழ போயிருப்பாங்க.”

வெர்னா சிரித்தார். சிரித்தது அழுகையில் போய் முடிந்தது. கெண்ட்ரா ஒரு கையால் டாஷ்போர்டிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அடக்கத்துக்கு ஏறுகிறவர்களுக்காக அவள் எப்போதும் ஒரு பெட்டி வைத்திருப்பாள்.

“ஒன்பது ஆயிடும் உனக்கு,” என்றார் வெர்னா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“தெரியும் மிஸ். கொஞ்சம் புடிச்சுக்குங்க, இங்க ஒரு பள்ளம் வருது.”

பள்ளம் வந்தது. பெட்டி அசையவில்லை.

மேலே போதகர் ஜெபித்தார், பாடினோம், மண் போட்டோம். கெண்ட்ரா வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த வண்டியின் கைபிரேக் சரிவில் நிற்காது. முக்கால் மணி நேரமும் அவள் மிதியைக் காலால் அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தார் வந்தவர்களுக்கெல்லாம் அஞ்சலித் தாள் கொடுத்தார்கள். முகப்பில் ஓமாவின் படம், உள்ளே பிறந்த நாள், இறந்த நாள், உயிரோடிருக்கும் உறவினர் பெயர்கள். வண்டிக்குள் இருந்தவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி. கெண்ட்ரா அதற்கும் நிற்கவில்லை. கடைசி வகுப்புக்காவது போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பள்ளி விட்டுவிட்டது.

தாய் இறந்தால் ஊழியருக்கு மூன்று நாள் விடுப்பு உண்டு. வெர்னா இரண்டே நாள் எடுத்துக்கொண்டு புதன்கிழமையே வந்துவிட்டார். மேசை குவிந்துவிடும் என்றார்.

குவியத்தான் செய்தது. முதல் மணி அடிப்பதற்குள் டஸ்டின் கோடில் என்ற பையன் வந்து நின்றான். நான்காக மடித்த ஓர் அஞ்சலித் தாளை நீட்டினான். படத்தில் ஓமாவின் நெற்றியில் சாஸ் கறை.

“யாருடா இது உனக்கு?”

“பாட்டி மிஸ்.”

“இவங்க என்னோட அம்மா டஸ்டின்.”

பையன் ஒரு கணம் கூரையைப் பார்த்தான். “அப்ப பெரிய பாட்டி மிஸ்.” பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “ரொம்ப வருத்தமா இருக்கு மிஸ்,” என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவன் பின்னால் வரிசை கதவு வரை நின்றது. எங்கள் ஊரில் பாதிப்பேர் கோடில்கள். யார் யாருக்குப் பேரன் என்று தோண்ட ஆரம்பித்தால் மாலையாகிவிடும் என்பதால், இறந்தவரின் குடும்பப் பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயரும் ஒத்துப்போனால் அஞ்சலித் தாளே போதும் என்று தலைமையாசிரியர் எப்போதோ ஏற்பாடு செய்திருந்தார். மண்டப வாசலில் அடுக்கி வைத்திருந்ததில் ஒரு கட்டை எவனோ அள்ளிக்கொண்டு வந்து ஐஸ்கிரீம் கடையில் விநியோகித்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை முழுவதும் கோடில்கள் அங்கேதான் துக்கம் அனுசரித்தார்கள். மொத்தம் இருபத்துமூன்று தாள். குழிக்கருகில் நின்றவன் அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவன்கூட இல்லை. எனக்குத் தெரியும், நான் அங்கே மண்வெட்டியோடு நின்றேன். வெர்னாவுக்கும் தெரியும்.

கடைசியாக, வரிசை முழுவதையும் எண்ணியபடி நின்றிருந்த கெண்ட்ரா வந்தாள். நோட்டுத் தாள், பென்சில் எழுத்து. ‘செவ்வாய் வரவில்லை. ஓமா பாட்டியைக் கொண்டுபோய் மேலே விட்டேன். கெண்ட்ரா ஸ்லோன்.’ கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

வெர்னா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவு செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு தாளையும் எடுத்து, பெயர் பார்த்து, ‘ஏற்பு’ அழுத்தி, தாளிலும் முத்திரை குத்தினார். அம்மாவின் முகம் மேலே வரும்படி இடப்பக்கம் அடுக்கினார். அடுத்த தாள், ‘ஏற்பு’. இருபத்துமூன்று தடவை. எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

“வெர்னா, அந்தப் பொண்ணு அங்க இருந்தா.”

“எனக்குத் தெரியாதா? அவ பக்கத்துல உக்காந்து போனவ நான்.”

“இவனுங்க யாரும் அங்க இல்ல.”

“அதுவும் தெரியும்.”

“அப்புறம்?”

வெர்னா கண்ணாடியைக் கழற்றினார். கோபமாகப் பேசவில்லை. எனக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையோடு பேசினார்.

“எனக்குத் தெரியறத வெச்சு நான் என்னைக்கும் பதிவு பண்ணதில்ல. தாள வெச்சுத்தான். தெரியறத வெச்சுப் பண்ண ஆரம்பிச்சா எனக்குப் புடிச்சவன் பொழைப்பான், புடிக்காதவன் போவான். என் தங்கச்சி மகனுக்கே நான் மாத்தல, அவன் ரெண்டு வருசம் என்கிட்ட பேசல. இப்ப எங்கம்மாவ ஏத்திட்டுப் போனாங்கறதுக்காக இவளுக்கு மாத்தினா அதுக்குப் பேரு என்ன? லஞ்சம். எங்கம்மா பொணத்த லஞ்சமா வாங்கினவ ஆயிடுவேன் நான்.”

“நான் சாட்சி எழுதித் தரேன்.”

“என்னன்னு எழுதுவ? பெட்டிய ஏத்தினான்னு. அதுக்கு இதுல கட்டம் இல்லப்பா.”

திரும்பி உட்கார்ந்து ‘ஏற்பில்லை’யை அழுத்தினார். ஒன்பது. கணினி தானாகவே பெயரைச் சிவப்பில் காட்டியது. அவர் இன்னொரு விசையை அழுத்தினார். பெயர் தலைநகருக்குப் போயிற்று. நான் தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம். மதிய உணவு மணி அடித்தது, சாப்பிடப் போனேன்.

வெர்னா சொன்னதை நான் பல நாள் உருட்டிப் பார்த்திருக்கிறேன். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கும் நீதி கெட்டது என்பது சரி. ஆனால் அவர் தன் விருப்பத்தை ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டு, ஒதுக்கியது தன் கண்களை. விருப்பு வெறுப்பு இல்லாமல் பொய்யை ஏற்பதும், விருப்பு வெறுப்பு இல்லாமல் உண்மையைத் தள்ளுவதும் நடுநிலை என்றால், நடுநிலையாக இருக்க மனிதர் எதற்கு, அந்த இயந்திரமே போதுமே. கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளினிக் மருத்துவர் கெட்டவர், அவரைக் கண்டால் கோபம் வரும். கோபம் சுத்தமான உணர்ச்சி. வெர்னாவைப் பார்த்தபோது வந்தது அது அல்ல. கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோன ஒருவரின் கையிலிருந்து சோறு வாங்கித் தின்பதுபோல இருந்தது. அதே மாதம் அவர் மூன்று பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டி அனுப்பினார்.

ஜனவரியில் கெண்ட்ராவுக்குக் கடிதம் வந்தது. உரிமத்தைத் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினாள். பின்னால் இருந்த படிவத்தில் கஷ்டத்தைச் சொல்லி மனுப் போட வழி இருந்தது. வேலை, மருத்துவம் என்று இரண்டு கட்டம். மூன்றாவது கட்டம் இல்லை.

இரண்டு வாரம் அவள் மூன்று மைலும் நடந்து வந்து பேருந்தைப் பிடித்தாள். பனி கொட்டிய நாட்களில் பேருந்து நேரத்துக்கு வராது, வந்தாலும் நிற்காது. பாதி நாள் இரண்டாவது வகுப்பு நடக்கும்போது, முழங்கால் வரை நனைந்து உள்ளே வருவாள். வெர்னா அவளைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து ஒரு நீலக் கோட்டை எடுத்து நீட்டினார். “எனக்கு சட்டையே போதும் மிஸ்,” என்றாள் கெண்ட்ரா. பிப்ரவரியில் அவள் வருவது நின்றுபோனது. படிப்பை விடாமல் இருக்கச் செய்யும் சட்டம் தன் வேலையை முடித்துவிட்டது. அதே பிப்ரவரியில் எங்கள் ஓடையில் இறந்துபோன ஒரு கிழவரை எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் இரண்டு தடவை பெட்டியைச் சேற்றில் இறக்கி வைத்தோம். அவருடைய மனைவி அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

மார்ச் இரண்டாவது வாரம் கெண்ட்ராவுக்குப் பதினெட்டு ஆனது. பதினெட்டு ஆனவரை அந்தச் சட்டம் தொடாது. உரிமம் தபாலில் திரும்பி வந்துவிட்டது. அன்றே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். விட்ட பாடங்களுக்கு அந்த வருடம் தேர இனி வழியில்லை. பெயரை நீக்கிக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். ஒரு டயர் கடையில் வேலை கிடைத்திருந்தது.

வெர்னா படிவத்தைக் கொடுத்தார். ‘காரணம்’ என்ற இடத்தில் கெண்ட்ரா, ‘வர வழி இல்லை’ என்று எழுதினாள்.

“அப்படி எழுத முடியாது கண்ணு. இதுக்கெல்லாம் எண் இருக்கு. ‘சொந்த விருப்பம்’, பதினாலு.”

“உங்களுக்கு எது ஒத்துவருதோ போட்டுக்குங்க மிஸ்.”

வெர்னா அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினார். கெண்ட்ரா கையெழுத்துப் போட்டாள். கிளம்பப் போனவள் நின்றாள்.

“மேல பாட்டி குழி உள்வாங்கிடுச்சு மிஸ். பனி கரைஞ்சா அப்படித்தான் ஆகும். ஒரு முழம் எறங்கியிருக்கு. டென்சில் மாமாகிட்ட சொல்லுங்க. சனிக்கிழம ஒரு வண்டி மண்ணு கொண்டாந்து போடறேன்.”

வெர்னா எழுந்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்று தவித்தது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தில் நான் அதைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார். பதிவுக்கான தாள்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ரப்பர் வளையம் போட்ட கட்டு அங்கே இருந்தது. வளையத்தைக் கழற்றி, கறை படாத ஒன்றாகத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“அன்னைக்கு உனக்கு யாரும் குடுக்கலன்னு டென்சில் சொன்னான். அம்மா படம். வெச்சுக்க.”

கெண்ட்ரா வாங்கிப் பார்த்தாள். முகப்பைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். மூலையில் டஸ்டினின் தம்பி பெயரும் வகுப்பும், ‘ஏற்பு’ என்ற முத்திரையும் இருந்தன. மடிப்பு கலையாமல் அதைக் கட்டின் மேலேயே திருப்பி வைத்தாள்.

“வேணாம் மிஸ். இருபத்துமூணு இருக்கணும். ஒண்ணு கொறஞ்சா நீங்கதான் பதில் சொல்ற மாதிரி ஆயிடும்.”

அவள் போனபிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கிளட்ச் முனகாமல், ஒரே இழுப்பில் கிளம்பியது. வெர்னா தாள்களைத் தட்டி ஓரம் சரிசெய்து, எண்ணிப் பார்த்து, வளையத்தைப் போட்டு, இழுப்பறையை மூடினார்.